சாட்சியம் தேடிய நாள்கள்

வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் ஏராளம். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்பொழுது, "மகளுக்கு அங்கேயே நிலையாகிவிட்டதா?" என்ற வினாதான் முதலில் எழுகிறது. 'நிலையாகிவிட்டதா' என்னும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே எத்தனை தாள்கள், எத்தனை கண்விழித்த இரவுகள், எத்தனை மனப் போராட்டங்கள் உண்டு என்பதைக் கடந்த சில ஆண்டுகளில் நாங்கள் கண்கூடாகக் கண்டோம். எங்கள் தவறும் அதில் அடக்கம். அதையும் மறைக்காமல் எழுதினால்தான் பிற பெற்றோருக்குப் பயன்படும் என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்களாயிருந்து ஓய்வு பெற்றவர்கள். மதுரையில் ஞானஒளிவுபுரத்துக்கு அருகே குடியிருக்கிறோம். பூர்வீகம் மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூர். எங்களுக்கு ஒரே மகள். நுண்ணுயிரியல் படித்து, மதுரையிலேயே முனைவர் பட்டம் பெற்று, 2017-ஆம் ஆண்டு மேலாய்வுக்காக அமெரிக்கா சென்றாள். கண்ணின் கருவிழியைப் புண்ணாக்கும் பூஞ்சைகளே அவள் ஆராயும் பொருள்.

அந்தப் பொருளை அவள் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை, நெற்களத்திலிருந்து எடுத்தாள். எங்கள் உறவில் சித்தப்பா முறையாகும் பெரியவர் ஒருவர், அவள் பள்ளியில் படித்த காலத்தில், பொலி தூற்றிக்கொண்டிருக்கையில் கண்ணில் உமி பட்டுவிட்டது. "உமிதானே, தானே சரியாகிவிடும்" என்று பச்சிலைச் சாறு பிழிந்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் கருவிழியில் வெண்மை படர்ந்தது. மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது காலம் கடந்திருந்தது. ஒரு கண் போயிற்று.

இஃது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாகிறது என்று 1996-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பகுதியில் கண்ட அளவைப்போல் அது பத்து மடங்கு. அடுத்த ஆண்டு வெளியான மதுரை ஆய்வு 434 நோயாளிகளைச் சோதித்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சையே காரணமாயிருந்தது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் பின்னர் 323 நோயாளிகளைக் கொண்டு ஒரு மருந்துச் சோதனை நடந்தது. நாட்டமைசின் என்னும் பழைய மருந்தே வோரிகோனசோல் என்னும் புதிய மருந்தைவிட நல்ல பயன் தந்தது என்று 2013-இல் அது உலகுக்குத் தெரிவித்தது. 'பியூசேரியம்' என்னும் பூஞ்சையால் வந்த புண்களில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாயிருந்தது. மருந்துக்கு மசியாத பூஞ்சையை விரைவில் இனம் காணும் வழியைத் தேடுவதே எங்கள் மகளின் பணி.

2021-ஆம் ஆண்டில் அவள், "அப்பா, அம்மா, இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு நானே மனுச் செய்யப்போகிறேன்" என்றாள். வேலை தருபவர் மனுச் செய்வதுதான் வழக்கம் என்று எண்ணியிருந்தோம். ஆய்வாளர்களுக்குத் தாமே மனுச் செய்யும் வழிகள் இரண்டு உண்டு என்று அவள் விளக்கினாள். முதலாவது, அசாதாரணத் திறமை உடையோர்க்கான வழி. உலகம் அறிந்த பெரும் பரிசு பெற்றிராதவர், பத்து அளவுகோல்களுள் குறைந்தது மூன்றையேனும் நிறைவு செய்யவேண்டும். பரிசுகள், தேர்ந்தெடுத்த சிலரையே சேர்க்கும் சங்கங்களில் உறுப்பினர் பதவி, பிறர் ஆய்வை மதிப்பிட்டமை, துறையில் பெரும் பயன் விளைத்த சொந்தக் கண்டுபிடிப்பு, ஆய்வுக் கட்டுரைகள் முதலானவை அந்த அளவுகோல்கள். மூன்றை நிறைவு செய்தாலும், அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, இவர் தம் துறையின் உச்சியில் நிற்கும் சிலருள் ஒருவர்தாமா என்று அதிகாரி மீண்டும் எடை போடுவார்.

இரண்டாவது, 'தேசிய நலன் கருதிய விலக்கு' எனப்படுவது. உயர்பட்டம் பெற்றவர்களுக்கு உரிய இந்த வழியில், 2016 டிசம்பரில் வந்த 'தனாசர்' தீர்ப்பின்படி மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். செய்யவிருக்கும் பணி தகுதியும் நாடளாவிய முக்கியத்துவமும் உடையதா? அதனைச் செய்துமுடிக்கும் நிலையில் இவர் இருக்கிறாரா? வேலை தருபவர் ஒருவர் வேண்டும் என்ற விதியை இவருக்குத் தளர்த்துவது நாட்டுக்கு நன்மையா? எங்கள் மகள் இரண்டாம் வழியையே முதலில் தேர்ந்தாள். முதல் வழிக்குத் தன்னிடம் இன்னும் போதிய சான்று சேரவில்லை என்று அவளே கூறினாள்.

அவள் எழுதிய முதல் வரைவை வழக்கறிஞர் அம்மையார் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் எங்களுக்கு வியப்பாயிருந்தது. பக்கத்துக்குப் பக்கம், 'நாங்கள் கண்டோம்', 'எங்கள் குழு செய்தது', 'பேராசிரியரின் வழிகாட்டுதலால் முடிந்தது' என்றே எழுதியிருந்தாள். "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம் அந்த அம்மையார்.

அவளைக் குறைகூற எங்களுக்கு வாய் எழவில்லை. தன்னைத் தானே புகழாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள்தாமே. இரவு நெடுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அப்போது எல்லாப்பிரகட சுப்பாராவ் நினைவுக்கு வந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923-இல் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் பணியாற்றியவர். உடலில் பாஸ்பரசை அளக்க அவரும் பிஸ்கும் 1925-இல் வெளியிட்ட முறை இருவர் பெயராலும் வழங்குகிறது. ஆயினும் தம் பெயரை முன்னிறுத்தாத அவரை அவர் காலத்தில் அறிந்தவர் குறைவு. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெற 1946 வரை சட்டம் இடம் தரவில்லை. அவ்வாண்டு கதவு திறந்தபோதும், ஆண்டுக்கு நூறு இந்தியரே குடியேறலாம் என்ற அளவுக்குத்தான் திறந்தது. குடியுரிமை பெறாமலே 1948-இல் அவர் மறைந்தார். அடக்கம் உயர்ந்த பண்பு, ஐயமில்லை. ஆனால், செய்ததைச் செய்தேன் என்று கூறுவது தற்புகழ்ச்சி அன்று. அது சாட்சியம். இவ்வேறுபாட்டை எங்கள் மகளுக்கு நாங்கள் கற்பித்திருக்கவில்லை. அவளோடு சேர்ந்து நாங்களும் கற்றுக்கொண்டோம்.

எங்களில் ஒருவர் கணக்கு ஆசிரியர். பழைய கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் மூன்று பத்திகள் பிரித்து, அவளையும் அவ்வாறே எழுதச் சொன்னோம். முதற்பத்தியில், 'நான் செய்தது என்ன?' இரண்டாவதில், 'அதனை யார் பயன்படுத்தினார்கள்?' மூன்றாவதில், 'அதற்குத் தாள் எங்கே?' மூன்று பத்தியும் நிரம்பிய வரிகள் மட்டுமே மனுவில் இடம்பெறவேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் இருபத்தாறு வரிகள் எழுதினாள். ஒன்பதே தேறின. மனம் சோர்ந்தாள். ஆனால் அந்த ஒன்பதும் அசைக்க முடியாதவை. ஒரு கட்டுரையில் அவளுடைய பங்கு சோதனைக் கணக்கைச் சரிபார்த்தது மட்டுமே. அதனை அவ்வாறே குறிப்பிட்டாள். மற்றொன்றில் முறையை வகுத்ததே அவள்தான். அதனையும் கூசாமல் எழுதினாள். தன் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர் என்ற எண்ணிக்கையை வெறுமனே தராமல், அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டுக் காட்டினாள். ஆய்விதழ்களுக்காகப் பிறர் கட்டுரையை மதிப்பிட்டதற்கு, ஆசிரியர்கள் அழைத்த கடிதத்தையும் பணி முடிந்ததை ஒப்புக்கொண்ட கடிதத்தையும் சேர்த்தே இணைத்தாள்.

பரிந்துரைக் கடிதங்களிலும் ஒரு பாடம் இருந்தது. அவளை நன்கறிந்த பேராசிரியர்களின் கடிதங்களோடு, அவளை நேரில் பார்த்தே இராத, ஆனால் அவள் வகுத்த முறையைத் தம் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திய இருவரின் கடிதங்களையும் பெற்றாள். பின்னவையே வலிமை மிக்கவை. அன்பினால் புகழ்கிறவரைவிட, பயன்பட்டதனால் பேசுகிறவரின் சொல்லுக்கு எடை அதிகம் அன்றோ? பெரியவர் ஒருவர், 'இவரைப் போல் அறிவாளியை நான் கண்டதே இல்லை' என்று எழுதித் தந்திருந்தார். அவள் பணிவோடு அதைத் திருப்பி அனுப்பி, "ஐயா, நான் செய்த சோதனையைப் பற்றி இரண்டு வரி எழுதித் தாருங்கள், அது போதும்" என்று வேண்டிக்கொண்டாள்.

இனி, எங்கள் தவறு. மனு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாள்களில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு முகவர் வீடு தேடி வந்தார். "உங்கள் மகளுக்கு விருது இல்லையே, அதுதான் குறை" என்றார். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் 'சர்வதேசச் சாதனையாளர்' கேடயமும் சான்றிதழும் வந்துவிடும், இன்னும் சிறிது சேர்த்தால் அவளைப் பற்றி ஒரு பத்திரிகைச் செய்தியும் வந்துவிடும் என்றார். அவள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தவறாகவே தோன்றவில்லை. 'எல்லாரும் செய்வதுதானே' என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அவளுக்குத் தெரியாமல் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தோம். வாழ்நாளெல்லாம் தேர்வில் பார்த்து எழுதும் பிள்ளைகளைக் கண்டித்த ஆசிரியர்கள் நாங்கள்!

அன்றிரவு தொலைபேசியில் மகிழ்ச்சியோடு செய்தியைச் சொன்னோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சே இல்லை. பின்பு, "அம்மா, அந்தக் கேடயத்தை வைத்தால் மற்ற ஒன்பது வரிகளையும் யார் நம்புவார்கள்?" என்று மட்டும் கேட்டாள். முக்கியமான செய்தியில் பொய் கூறி அந்நாட்டில் உரிமை பெற முயன்றவர் என்று தீர்மானிக்கப்பட்டால், அந்தப் பழி வாழ்நாள் தடையாகவே நின்றுவிடக்கூடும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். முகவரிடம் போய் வேண்டாம் என்றோம். முன்பணம் திரும்பி வரவில்லை. அந்தப் பத்தாயிரம் போனதில் எங்களுக்கு வருத்தமில்லை. மகளின் உழைப்பில் எங்களுக்கே நம்பிக்கை குறைந்துபோயிற்றே என்பதுதான் இன்றளவும் உறுத்துகிறது.

2022-இல் ஐ-140 என்னும் படிவத்தோடு மனு சென்றது. சில மாதங்களுக்குப் பின் மேலும் சான்று கேட்டுக் குடிவரவுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. விடையளிக்கப் பன்னிரண்டு வாரங்களே தவணை. 'கண்நோய் ஆராய்ச்சி முக்கியமானதுதான். ஆனால் நீங்கள் செய்யவிருக்கும் இந்தக் குறிப்பிட்ட பணி எவ்வாறு நாடு முழுமைக்கும் முக்கியம்?' என்பதே அதன் சாரம். மேலூர் நெற்களத்தில் பறக்கும் உமிக்கும் அமெரிக்காவுக்கும் என்ன உறவு என்று எங்களுக்கும் தோன்றியது உண்மை.

அவள் விடை கண்டாள். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கண்ணில் ஒட்டுவில்லை அணிந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், பல மாநிலங்களில், ஒருசேரக் கருவிழிப் புண்ணுக்கு ஆளானார்கள். வில்லையைக் கழுவும் திரவம் ஒன்றோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. காரணமான பூஞ்சை, எங்கள் பெரியவரின் கண்ணைப் பறித்த அதே பியூசேரியம் இனம்! எங்கள் வயல்வெளியில் ஏழைகளின் கண்ணைக் கெடுப்பது, அங்கே மாநகரங்களில் ஒட்டுவில்லை அணிந்தோரின் கண்ணையும் கெடுத்தது. பூஞ்சையை விரைவில் இனம் காணும் முறை இரு நாட்டுக்கும் தேவை. இதனையும், அடுத்த ஐந்தாண்டுகளில் தான் செய்யவிருப்பதையும், அதற்கு வேண்டிய கருவியும் கூட்டாளிகளும் தன்னிடம் இருப்பதையும் தக்க தாள்களோடு எழுதி அனுப்பினாள். 2023-இல் மனு ஏற்கப்பட்டது.

அதோடு முடிந்தது என்று எண்ணி இனிப்பு வாங்கிவிட்டோம். முடியவில்லை. மனு ஏற்கப்படுவது ஒன்று. தங்கும் உரிமை கைக்கு வருவது வேறு. வேலை அடிப்படையில் அந்நாடு ஆண்டுக்கு வழங்கும் ஏறத்தாழ 1,40,000 இடங்களில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் பொதுவாக ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை. இந்தியாவில் பிறந்தோர் வரிசை, இரண்டாம் பிரிவில், பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. மனு அளித்த நாளே வரிசையில் அவளுடைய இடம். பின்னர் சான்றுகள் சேர்ந்து முதல் வழியில் மனுச் செய்தாலும் அந்த நாளையே உடன் கொண்டுபோகலாம் என்பது ஓர் ஆறுதல். அதற்காகவே அவள் இப்போது உழைத்துக்கொண்டிருக்கிறாள்.

இறுதிக் கட்டத்துக்கு வேண்டிய தாள்களை முன்கூட்டியே திரட்டச் சொன்னார்கள். முதல் இடர், பெயர். தொடக்கக் கட்டுரைகளில் நம் வழக்கப்படி தந்தையின் தலைப்பெழுத்தோடு எழுதியிருந்தாள். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதும் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. இருவரும் ஒருவரே என்று உறுதிமொழி தரவேண்டியதாயிற்று. ஆய்வாளர்களுக்கென 2012 முதல் வழங்கப்படும் 'ஆர்கிட்' அடையாள எண்ணை அவள் தொடக்கத்திலேயே பெற்றிருந்தால் கட்டுரைகளிலேனும் இத்தொல்லை குறைந்திருக்கும்.

இரண்டாவது, பிறப்புச் சான்று. 1989-இல் எங்கள் ஊரில், பாட்டி வீட்டில், மருத்துவச்சியின் கையில் பிறந்தவள் அவள். பிறப்பைப் பதிவு செய்ய நாங்கள் மறந்துபோனோம், ஆசிரியர்களாயிருந்தும் மறந்தோம். பதிவு இல்லை என்னும் சான்றை அலுவலகத்தில் பெற்றோம். அத்தகைய நிலையில் ஞானஸ்நானச் சான்றும் பள்ளிச் சான்றும் பெற்றோரின் உறுதிமொழியும் துணைச் சான்றுகளாகக் கொள்ளப்படும் என்றார்கள். ஊர்ப் பங்குத் தந்தை அவர்கள் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். ஓரம் செல்லரித்த தாளில், நீல மையில், எங்கள் மகளின் பெயர் இருந்தது. தமிழிலிருந்த அப்பதிவை வரி விடாமல் ஆங்கிலத்தில் பெயர்த்து, 'முழுமையாகவும் சரியாகவும் பெயர்த்தேன்' என்று பெயர்த்தவர் கையொப்பமிட்டார்.

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் மாவட்ட நீதிமன்றத்தின் அருகே நோட்டரி வழக்கறிஞர் முன்னிலையில் உறுதிமொழித் தாளைப் படித்தோம். 'இவள் இன்ன நாளில், இன்ன ஊரில், எங்களுக்குப் பிறந்த மகள் என்பதை நாங்கள் நேரில் அறிவோம்' என்று அதில் எழுதியிருந்தது. இதுவரை அவளுக்காக எத்தனையோ பேர் சாட்சி கூறிவிட்டார்கள். இந்த ஒன்றை எங்களைத் தவிர வேறு எவரும் கூற முடியாது. அவள் எங்களுடையவள் என்று நாங்கள் இடும் கையொப்பமே, அவளை எங்களிடமிருந்து தொலைவில் நிலைநிறுத்தும் தாளாகவும் ஆகிறது. எங்களில் ஒருவருக்குக் கை நடுங்கிற்று. மற்றவர் தோளைத் தொட்டார். கையொப்பமிட்டோம்.

பெற்றோரே, பிள்ளைகள் பள்ளியில் சேரும் நாளிலிருந்து அவர்களுடைய தாள்களை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பிறப்பைப் பதிவு செய்யுங்கள். பெயரை எங்கும் ஒரே வகையில் எழுதப் பழக்குங்கள். விலைக்கு வரும் விருதுகளை வாசலிலேயே நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல அவர்களுக்குச் சிறு வயதிலேயே கற்றுக்கொடுங்கள். என்றேனும் ஒருநாள் தெரியாத ஊரில், தெரியாத அதிகாரி ஒருவர் முன்னால் அது ஒன்றே அவர்களுக்குத் துணை நிற்கும்.

எங்கள் மகள் இன்னும் வரிசையில் நிற்கிறாள். நோட்டுப் புத்தகத்தில் பத்தாவது வரி ஒன்று சேர்ந்திருப்பதாகச் சென்ற வாரம் சொன்னாள்.